முடிச்சுப் போட்டுக் கடலில் இறக்கினார்கள்

நம் பழைய குவார்ட்டர்ஸ் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள், முதன்முதலில் கடலை எப்போது பார்த்தீர்கள் என்று. ஆளாளுக்கு எழுதித் தள்ளினீர்கள். அலை, சிப்பி, சுட்ட சோளம், கோலா ஐஸ். நான் மட்டும் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். ஐம்பதை எட்டப்போகிறோம், மாடிப்படி ஏறினால் முட்டி முனகுகிறது, இனிமேல் என்ன ஒளிவு மறைவு? அதனால் எழுதுகிறேன். நான் பார்த்த முதல் கடலில் நுரையைவிட அடிதான் அதிகம்.

அடி என்றதும் புருவத்தைத் தூக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் விழுந்ததுதான். பூனா கட்கியில் நம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு பெல்ட், பெரியம்மாவுக்கு தோசைக் கரண்டி, அப்பாவுக்குக் கை, அம்மாவுக்குத் தொடைக் கிள்ளல். ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் அழுது முடித்ததும் முகம் கழுவிச் சாப்பிட உட்காருவோம். இதில் வருத்தப்பட ஒன்றும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. சோறு, பள்ளிக்கூடம், அடி. அப்படித்தான் இருந்தது.

அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் அவர் பேரில். பக்கத்து குவார்ட்டர்ஸில் அப்பா. சித்தப்பா பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் வெல்டர். அவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது என்பதால் பெரியப்பா வீட்டுப் பின்பக்க அறையை ஆஸ்பெஸ்டாஸ் போட்டு நீட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் சித்தப்பாவை டவுசர் வயதிலிருந்து வளர்த்தது பெரியம்மாதான். தன் பிள்ளைகளுக்கு முன்னால் அவருக்குத்தான் முட்டை வைப்பார்.

சித்தி ஆம்பூர் பக்கத்துப் பெண். வந்தபோது இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. தண்ணீர் டேங்கர்காரனிடம் சண்டை போட மட்டும் ஒரே மாதத்தில் இரண்டையும் கற்றுக்கொண்டார். சிரித்தால் மேல் ஈறு தெரியும். அதை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், தோள் குலுங்கும். எங்கள் பட்டாளத்துக்கு அவர் மேல் உயிர். நொண்டி ஆடக் கூப்பிட்டால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வருகிற ஒரே பெரியவர் அவர்தான்.

குழந்தை பிறக்கவில்லை. வருஷம் போகப்போக சித்தப்பாவின் கை நீண்டது. ஏப்ரல் வெயிலில் சித்தி முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருப்பார். கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். நம் குவார்ட்டர்ஸ் பாத்ரூமில் ஓர் ஆள் நின்றாலே இடம் போதாது, விழுவதற்கு எங்கே இடம்? அது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எல்லாரும் “பாத்து நடக்கக் கூடாதா” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். இன்று நினைத்தால் அந்தக் கேள்விதான் எனக்கு அடியைவிட அதிகமாக எரிகிறது.

ஒரு நாள் சாயங்காலம் சித்தப்பா டிபன் கேரியரால் அடித்ததில் சித்தியின் காதிலிருந்து ரத்தம் வந்தது. சித்தி அழவில்லை. தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பெரியப்பா வீட்டு முன்னறையில் வைத்தார்.

“மாமா, என்ன எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பிடுங்க. இல்லனா இவரு கையாலயே செத்துடுவேன்.”

பெரியப்பா செய்தித்தாளை மடித்தார். ஊருக்கு அனுப்பினால் மானம் போகும். அனுப்பாவிட்டால் பெண் போகும். அவர் பெரியம்மாவைப் பார்த்தார்.

“எல்லாம் புள்ள இல்லாத வெறி,” என்றார் பெரியம்மா. “ஒன்னு பொறந்துட்டா அடங்கிடுவான். நான் வளத்தவன், எனக்குத் தெரியாதா? புத்திர தோசம் கீது. ரெண்டு பேரும் முடிச்சுப் போட்டுக்கினு சமுத்திரத்துல மூணு முழுக்கு போட்டா கழிஞ்சிடும்.”

அதற்கு ராமேஸ்வரம் போக வேண்டும். பூனாவிலிருந்து ராமேஸ்வரம் என்றால் ரயில் மாறி ரயில், லீவு கிடைக்காது, பி.எஃப். பணத்தில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் பெரியம்மா அந்த வார்த்தையைச் சொன்னார்.

“சமுத்திரம்னா எல்லாம் ஒரே சமுத்திரந்தான். அலிபாக்ல கீறது மட்டும் இன்னா, குட்டையா?”

அலிபாக் கடற்கரை பூனாவிலிருந்து அரை நாள் பயணம்தான். பெரியப்பாவுக்குக் கணக்கு சரியாக வந்தது. அவர் எழுந்து நின்று, சித்தியின் பெட்டியைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாக்குக் கொடுத்தார். “ஸ்நானம் ஆவட்டும்மா. அதுக்கு மேலயும் ஒம்மேல கை வெச்சான்னா, நானே ஒன்ன ரயிலேத்தி வுட்றேன். எவன் கேக்கறான்னு பாக்கறேன்.”

சித்தி காதில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சரி மாமா,” என்றார். அவருக்குக் கடல் வேண்டாம், குழந்தையும் அப்போது வேண்டியிருக்காது. அந்த ரயில்தான் வேண்டியிருந்தது. அதற்கு இடையில் ஒரு கடல் நின்றது, அவ்வளவுதான்.

புருஷன் பெண்டாட்டியை மட்டும் அனுப்பினால் அக்கம்பக்கத்தில் கேள்வி வரும் என்று எல்லாருமாகப் போவதாக முடிவானது. எங்களிடம் சொன்னது ‘பிக்னிக்’. அது எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம், எனக்குப் பத்து வயது இருக்கும். ராஸ்தா பேட்டிலிருந்து அத்தை வீடும் சேர்ந்துகொள்ள, பெரியவர் சிறியவர் எல்லாமாக ஒரு கல்யாணப் பந்திக்கு ஆள் இருந்தது. மார்க்கெட் யார்டுக்கு வெங்காயம் ஏற்றுகிற டெம்போ ஒன்றை பெரியப்பா மலிவாகப் பேசிவிட்டார். பின்பக்கம் ஜமக்காளம் விரித்து, அண்டா, மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, புளிக்காய்ச்சல் டப்பா, அதன் மேல் நாங்கள். தார்ப்பாய்க்குள் வெங்காயச் சருகு பறந்து தலையில் ஒட்டிக்கொண்டது. சித்தி ஒவ்வொரு தலையாக எடுத்துவிட்டுக்கொண்டே வந்தார்.

காந்தாலா கணவாயில் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம். வாந்தி எடுத்ததற்காகப் பெரியப்பாவின் மூத்த மகனுக்கு முதுகில் ரெண்டு விழுந்தது. அதற்குள் பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அமுக்கி, முந்திப் போகும்போது எங்கள் டிரைவரின் தாயை இழுத்து ஏதோ சொல்லிவிட்டார். வளைவில் லாரி நின்றதால் அவர் காரும் நின்றது. பெரியப்பா இறங்கிப் போனார். பேச்சே இல்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சட்டையைப் பிடித்து இழுத்து, மூக்கில் ஒரே குத்து. வெள்ளைச் சட்டையில் ரத்தம் வழிந்ததை நாங்கள் தார்ப்பாயை விலக்கிப் பார்த்துக் கை தட்டினோம். பெரியப்பா திரும்பி வந்து, கையை உதறிக்கொண்டு, “சலோ, சலோ,” என்று வண்டியை எடுக்கச் சொன்னார். அவரைப்போல ஒரு வீரர் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். சித்தி மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எலும்பில் கை படுகிற சத்தம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அலிபாக்கில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் ஒற்றை அறை. ஆண்கள் வெளியே மரத்தடியில், பெண்களும் பிள்ளைகளும் உள்ளே, ஒருவர் கால் ஒருவர் வாயில். எங்கே திரும்பினாலும் மீன் வறுக்கும் வாசனை. ஆனால் பெரியம்மா விரதம் என்று சொல்லிவிட்டார். கடற்கரைக்குப் போய் மூன்று வேளையும் புளிச்சோறு தின்ற குடும்பம் பூனாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். மீன் கேட்டு அழுத அத்தை மகளுக்குத் தோசைக் கரண்டி. அதையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. வெயில் ஏறியதும் கடலுக்கு ஓடினால் கடலைக் காணோம்! அது பாட்டுக்கு எங்கேயோ பின்னால் போய்விட்டிருந்தது. கறுப்பு மணல் ஈரமாக மின்னிக்கொண்டு கிடந்தது. நடுக்கடலில் இருப்பதாகச் சொன்ன கோட்டைக்கு ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள், குதிரை வண்டிகூடப் போனது. தண்ணீர் எங்கள் கணுக்காலுக்கு மேல் இல்லை. நண்டுக் குஞ்சுகள் மணலில் கோலம் போட்டிருந்தன. சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு ஓடினார், வாயைப் பொத்தாமல் சிரித்தார். ஈறு முழுக்கத் தெரிந்தது. அந்தச் சிரிப்பை நான் பார்த்தது அதுவே கடைசி.

அந்த வேளையில் அவர்களை இறக்கியிருந்தால் உட்கார்ந்துகொண்டுதான் முழுக்குப் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பெரியம்மாவின் கையில் ஊரிலிருந்து வரவழைத்த தினசரி காலண்டர் தாள் இருந்தது. சனிக்கிழமை காலையில் ராகு காலம். அப்புறம் கொஞ்சம் போனால் எமகண்டம். நல்ல நேரம் சாயங்காலம்தான்.

“அதுவரிக்கும் ஒருத்தரும் தண்ணில எறங்கக் கூடாது,” என்று எங்களையும் கரைக்கு விரட்டினார்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த கடல் மெட்ராஸ் கடல். அது காலையில் எங்கே நிற்கிறதோ மாலையிலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். இந்தப் பக்கத்துக் கடல் ஒரே நாளில் அரை மைல் போய் அரை மைல் வரும் என்பது யாருக்கும் தெரியாது. காலண்டர் தாளில் நேரத்தைப் பார்த்தார்களே தவிர, தண்ணீரைப் பார்க்கவில்லை. மதியம் போல கோட்டைக்குப் போனவர்கள் வேகவேகமாகத் திரும்பி வந்தார்கள். குதிரை வண்டிகள் நின்றன. தண்ணீர் மணலை விழுங்கிக்கொண்டே வந்தது. எங்கள் டெம்போ டிரைவர்கூட, “பாணி பட் ரஹா ஹை, அபி மத் ஜாவ்,” என்றான். தண்ணீர் ஏறுகிறது, இப்போது இறங்காதீர்கள் என்று அர்த்தம். பெரியப்பா சிரித்தார். “அரே, ஹம் மெட்ராஸ்வாலா ஹை! கடல காட்டி எங்களுக்கே பூச்சாண்டி காட்றியா?”

சித்தப்பா இந்த நேரமெல்லாம் தோப்புக்குப் பின்னால் இருந்தார். அங்கே தென்னங்கள்ளு இறக்கினார்கள். அவர் திரும்பி வரும்போது கண் சிவந்து, நடையில் ஒரு ஆட்டம். சித்தி பார்த்ததும் பெரியம்மாவிடம் போய், “அக்கா, குடிச்சிக்கினு வந்துகீறாரு. இன்னிக்கி வேணாங்கா,” என்றார். பெரியம்மா, “நல்ல நேரம் தாண்டிடும்டி,” என்றார்.

மஞ்சளில் நனைத்த புது வேட்டியை சித்தப்பாவுக்குக் கட்டிவிட்டு, அதன் முனையையும் சித்தியின் புடவை முந்தானையையும் சேர்த்து, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்கு வைத்து, பெரியம்மா முடிச்சுப் போட்டார். சாதாரண முடிச்சு இல்லை. கல்யாணத்தில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்துப் போடுவதுபோல ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. அப்பா தன் ரீல் கேமராவில் போட்டோ எடுத்தார். எல்லாரும் சிரித்தோம். அதைப் பார்க்கிற எவரும் இந்தக் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அப்போது பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும், பிள்ளைகள் முன்னாலும், தம்பியின் தோளில் கை வைத்தார். “டேய், கேட்டுக்க. இந்த முழுக்கோட எல்லாம் போச்சு. இனிமே இவ மேல கை வெச்சின்னா, நானே இவள ரயிலேத்தி அனுப்பிடுவேன். வாக்கு குடுத்துகீறேன்.”

சித்தப்பா தலையை ஆட்டினார். உதட்டில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. தன் அண்ணன் தன்னைப் பெண்டாட்டி முன்னால் தலைகுனிய வைத்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கும். நல்லது செய்வதாக நினைத்து, வெறியில் இருந்தவன் கையில் அந்தப் பெண்ணைக் கட்டியே கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை.

இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். துணைக்கென்று அம்மா கொஞ்ச தூரம் கூடப் போனாள், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு நானும். எனக்கு நெஞ்சு வரை தண்ணீர். கரையில் பெரியம்மா கற்பூரம் ஏற்றினார். காற்றில் அது அணைந்து அணைந்து போனது.

முதல் முழுக்கு. கரையில் எல்லாரும், “கோவிந்தா!” இரண்டு பேரும் எழுந்தார்கள். சித்தி முகத்தை வழித்துக்கொண்டார். இரண்டாவது. “கோவிந்தா!” ஓர் அலை வந்து தோளில் இடித்தது. சித்தி தள்ளாடி எழுந்து, போதும் என்பதுபோல அம்மாவைப் பார்த்தார்.

மூன்றாவதில் சித்தப்பா மட்டும் எழுந்தார்.

அவர் கை சித்தியின் பிடரியில் இருந்தது. கொண்டையோடு சேர்த்துக் கொத்தாகப் பிடித்திருந்தார். கரையில் “கோவிந்தா, கோவிந்தா” என்று கூச்சல், சின்னப் பிள்ளைகள் குதித்துக் கை தட்டினார்கள். சித்தி தண்ணீருக்குள் இருந்தார். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“ரயிலு ஏர்றியாடி? ஏறு. ஏறுடி இப்ப.”

சித்தியின் கைகள் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைப் பிறாண்டின. வளையல் வெயிலில் பளிச்சென்றது. பிறகு அந்தக் கைகள் பிடரிக்குப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தன. அம்மா என் விரலை உதறிவிட்டுக் கத்திக்கொண்டு அவர்களை நோக்கிப் போனாள். அலை அவளைப் பின்னால் தள்ளியது. நானும் கத்தினேன். கரையில் இருந்தவர்கள் நாங்களும் கோவிந்தா போடுவதாக நினைத்து இன்னும் உரக்கக் கத்தினார்கள். அந்தச் சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் கோயிலில் கூட்டமாக யாராவது சாமி பேர் சொல்லிக் கூவினால் எனக்கு மூச்சு முட்டும்.

திடீரென்று சித்தப்பா அலறிக்கொண்டு கையை இழுத்தார். கட்டைவிரல் பக்கம் சதை பிய்ந்து தொங்கியது. அதே நேரம் பெரிய அலை ஒன்று வந்து எல்லாரையும் புரட்டிப் போட்டது. என் வாய், மூக்கு, காது எல்லாம் உப்பு. அம்மா என் சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். நான் கண்ணைத் திறந்தபோது சித்தி கொஞ்ச தூரத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். புடவை இல்லை. பாவாடையும் ஜாக்கெட்டும்தான். தண்ணீருக்குள் கொசுவத்தை உருவி, புடவையைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றி விட்டுவிட்டு வந்திருந்தார். வாயெல்லாம் ரத்தம். அவருடைய ரத்தம் இல்லை.

சித்தப்பாவை அலை பாறைப் பக்கம் இழுத்தது. வேட்டியில் முடிந்திருந்த புடவை அவர் காலில் சுற்றிக்கொண்டது. தலை ஒருமுறை தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. படகுக்குப் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்தார்கள். மிதந்து வந்த புடவையின் மறுமுனை ஒருவர் கையில் சிக்கியது. அதைப் பிடித்தே, கயிறு இழுப்பதுபோல, சித்தப்பாவை இழுத்துக் கரையில் போட்டார்கள். பெரியம்மாவின் முடிச்சு அவிழவில்லை.

சித்தப்பா கள்ளும் கடலுமாக வாந்தி எடுத்தார். உயிர் இருந்தது. பெரியம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “என் கண்ணு, என் ராசா,” என்று அழுதார். அம்மா தன் துண்டை எடுத்து சித்தியின் மேல் போர்த்தி அழைத்துக்கொண்டு வந்தாள். பெரியப்பா எதிரே போனார். காந்தாலாவில் போனது போலவே, பேச்சு இல்லை. ஓங்கி ஓர் அறை. சித்தி மணலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் இன்னொன்று.

“புருசன சாவ வுட்டுட்டு, ஊரு பாக்க அம்மணமா நிக்கிறியா? மானங்கெட்டவளே!”

“அவருதான் அமுக்கினாரு மாமா,” என்றார் சித்தி. “கையெடுக்கவே இல்ல.”

“அல அடிச்சிருக்கும்டி! தண்ணிக்குள்ள இன்னா தெரியும் ஒனக்கு?”

நான் கத்தினேன். “இல்ல பெரியப்பா! சித்தப்பாதான் சித்தி கொண்டைய புடிச்சிக்கினு அமுக்கினாரு! ரயிலு ஏர்றியான்னு கேட்டாரு! நான் பாத்தேன்!” சொல்லி வாயை மூடுவதற்குள் அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் கொய்யென்று இரைந்தது. என் அப்பா கெட்டவர் இல்லை. அண்ணன் பேசும்போது தன் மகள் குறுக்கே பேசினாளே என்று அடித்தார். அவ்வளவு சின்னக் காரணம் போதுமாக இருந்தது அவருக்கு. அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

“கொழந்த பொய் சொல்லல,” என்றாள் அம்மா. “நானும் பாத்தேன்.” எங்கள் வீட்டில் பெரியப்பாவை எதிர்த்து அவள் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. அப்பா அவளை நோக்கியும் கையை ஓங்கினார். அவள் நகரவில்லை. கை அப்படியே நின்றது.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். மீனவர்கள், பட்டம் விற்பவன், வேடிக்கை பார்க்கக் கூடிய ஜனம். “யாரும் ஒன்னும் பாக்கல,” என்றார் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து. “அலதான். கெளம்புங்க. ஸ்நானம் ஆச்சு. ஊட்டுக்குப் போலாம்.”

வீடு என்றால் அந்த ஆஸ்பெஸ்டாஸ் அறை. சித்திக்குப் புரிந்துவிட்டது. எனக்கே புரிந்தது. ரயில் கிடையாது.

சித்தி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். துண்டை இறுக்கி முடிந்துகொண்டார். சித்தப்பா கிடந்த இடத்துக்கு நடந்து போனார். மணலில் நீளமாகக் கிடந்த தன் புடவையின் மறுமுனையை எடுத்துக் கையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று சுற்றிக்கொண்டார்.

“ஸ்நானம் ஆவல மாமா,” என்றார். குரல் உயரவே இல்லை. “மூணாவது முழுக்கு பாதில நிக்குது. அலதானே அமுக்குச்சு? அப்ப இன்னா பயம்? மறுபடி எறங்கறோம். முடிச்சு கூட அப்படியே கீது. வாய்யா.”

சொல்லிவிட்டு இழுத்தார். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. சித்தப்பா பெரியம்மாவின் மடியிலிருந்து சரிந்து, மணலில் உழுதுகொண்டு, ரெண்டு முழம் போய்விட்டார். வேட்டி முடிச்சு வயிற்றை இறுக்கியது. சித்தி திரும்பிப் பார்க்காமல் தண்ணீரை நோக்கி நடந்தார். அலை வந்து சித்தப்பாவின் காலைத் தொட்டது. அவர் விழுந்தடித்துத் திரும்பி, பெரியம்மாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டார்.

“அண்ணி, புடி அண்ணி! வுட்டுடாத! அவ என்ன கொன்னுடுவா! நான் அமுக்கினாப்பல என்னியும் அமுக்கிடுவா!”

அத்தை தன் பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சித்தி இழுப்பதை நிறுத்தினார். பெரியம்மா குனிந்து தன் முழங்காலைக் கட்டியிருந்தவரைப் பார்த்தார். முட்டை வைத்து வளர்த்த பிள்ளை.

பிறகு காலை உதறி விடுவித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றினார்.

பிள்ளைகளைத்தான் அவர் அடித்துப் பார்த்திருக்கிறேன், ஓர் ஆம்பிளையை அடித்துப் பார்த்ததில்லை. முகம், தலை, முதுகு, எங்கே கிடைத்ததோ அங்கே. “நானே கட்டிக் குடுத்தேனேடா! நானே முடிச்சுப் போட்டு அனுப்பினேனேடா பாவி!” ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தை. சித்தப்பா தலையைக் கையால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். வார் அறுந்து செருப்பு தூரப் போய் விழுந்தது. அப்புறமும் கையால் அடித்தார். யாரும் தடுக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் நியாயம் வந்தாலும் அடியாகத்தான் வந்தது, வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னும் அடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

கடைசியில் பெரியம்மா மூச்சு வாங்க உட்கார்ந்து, பல்லால் கடித்துக் கடித்து அந்த முடிச்சை அவிழ்த்தார். புடவையைப் பிழிந்து சித்தியிடம் நீட்டினார். சித்தி வாங்கவில்லை. அம்மா தன் மாற்றுப் புடவையைக் கொண்டுவந்து கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை டெம்போ கிளம்பியது. சித்தப்பாவை ஏற்றிக்கொள்ளவில்லை, பஸ்ஸில் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். வழியெல்லாம் யாருக்கும் அடி விழவில்லை, வாந்தி எடுத்தவர்களுக்குக்கூட. கட்கி வந்ததும் சித்தி வண்டியை விட்டு இறங்க மறுத்தார். அம்மாதான் போய்த் தகரப் பெட்டியை எடுத்துவந்தாள். அங்கிருந்து நேராகப் பூனா ஸ்டேஷன். மதியம் மெட்ராஸ் போகிற வண்டி.

சித்தி ஊருக்குப் போய் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும், பிறகு சூப்பர்வைசர் ஆனதும், வேறு கல்யாணம் செய்துகொள்ளாததும் ஊர்ப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு மறுவருஷமே இன்னொரு பெண் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெரியம்மா துடைப்பத்தோடு வாசலுக்குப் போய் அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர் உயிரோடு இருந்தவரை அது நடக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஸ்டேஷனைப் பற்றி. ரிசர்வேஷன் இல்லாத பெட்டி, கதவு வரை ஜனம். பெரியப்பா தோளால் இடித்து, நாலு பேரைத் திட்டி, வழி உண்டாக்கி, சித்தியை உள்ளே ஏற்றி, ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார வைத்தார். வாக்குக் கொடுத்தபடி தன் கையாலேயே ஏற்றிவிட்டார். பிறகு கீழே இறங்கி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சித்தியின் கன்னத்தில் அவருடைய விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. அதைப் பார்க்க முடியாமல் பிளாட்பாரத்தைப் பார்த்தார். என்னமோ சொல்ல வந்தார், அதைச் சொல்லிப் பழக்கமில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

“போய்ச் சேந்ததும் ஒரு கடுதாசி போடும்மா,” என்றார்.

சித்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“போட மாட்டேன் மாமா.”

வண்டி நகர்ந்தது. பெரியப்பா கம்பியை விடாமல் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு விட்டுவிட்டார். பல வருஷம், தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அவர்தான் முதலில் எழுந்து வெளியே போவார்.